கண் திறக்காத முகங்கள்

சாரல் விழுகிற மாதங்களில் எனக்கு வேலை கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கோயில் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுகிற நான் குத்துக்கல்வலசையில் ஒரு மாடி ஹாலில் ஓவிய வகுப்பு எடுக்கப் போன காரணம் விளங்காது.

தென்காசிப் பக்கம் ஆனியில் தொடங்கும் சாரல் ஆவணி வரைக்கும் விட்டு விட்டு விழும். சிலையின் சுண்ணாம்புச் சுதையில் ஈரம் ஏறிக்கொள்ளும். காலையில் பூசிய சிவப்பு, சாயங்காலம் தொட்டாலும் விரலோடு வரும். அதனால் சுடலைமாடனோ பேச்சியம்மனோ, எந்தச் சிலையானாலும் வைகாசிக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன். பிறகு பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, பரணில் வைத்துவிட்டு வீட்டில் இருப்பேன். நான் வீட்டில் இருப்பது என் மனைவி மாரிச்செல்விக்கு ஒத்துவராது. அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வந்து நின்று, இந்தப் பச்சைக்கு அந்த நூல் சேராது என்று சொல்லுவேனாம்.

போன ஆனியில் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த வேல்விழிதான் பேச்சை எடுத்தாள். வேல்விழி தென்காசியில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள். குத்துக்கல்வலசையில் புதிதாக வந்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு நலச்சங்கம் உண்டு, அதற்கு அவள் செயலாளர். பிள்ளைகளுக்குக் கராத்தே இருக்கிறது, இந்தி இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது. பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை விட்டால் ஒன்றும் இல்லை, அண்ணாச்சி வந்து படம் வரையச் சொல்லித் தந்தால் என்ன என்று கேட்டாள். நான் அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து யோசித்துச் சொல்லுகிறேன் என்று சொல்லுவதற்குள் மாரிச்செல்வி, "வருவாக" என்று முடித்துவிட்டாள். அளவு ரவிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதையும் அவளே பேசிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போட வழி உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பயம் எதற்கு என்று மாரிச்செல்வி கேட்டாள். கோபுர உயரத்துக்குச் சாரத்தில் ஏறி நிற்கிறவருக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்துப் பயமா என்றாள். சாரத்தில் நிற்பது வேறு. அங்கே நான் சிலையைப் பார்த்து நிற்கிறேன். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு என் உள்ளங்கால்தான் தெரியும், கை தெரியாது. என் கையைப் பார்க்கவென்று ஆள் உட்கார்ந்திருந்து நான் வேலை செய்ததே கிடையாது. அதிலும் கண்.

எங்கள் தொழிலில் கண் கடைசி. உடம்பு, உடை, நகை, மீசை எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் குறித்துக் கண் திறப்போம். அதற்கு முன்னால் இடையில் வேலை நின்றால், முகத்தைத் துணியால் மூடிவிட்டுத்தான் சாரத்தை விட்டு இறங்குவோம். கண் திறக்கிற அன்றைக்கு இரண்டு பேர் ஒரு புது வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொள்ளுவார்கள். உள்ளே நான் மட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அழித்து எழுதுவது என்ற பேச்சே கிடையாது. திரை விழுந்ததும் சனம் குலவை போடும். எனக்கு வேலை கற்றுத் தந்தவர்கூட இதை மட்டும் காட்டித் தரவில்லை. திரை விழுந்த பிறகு பார்த்துப் பார்த்து நானாகப் பிடித்துக்கொண்டதுதான். ஆகவே, நான் கண் எழுதுவதை இந்த உலகத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை. மாரிச்செல்வியும் பார்த்ததில்லை.

"அப்ப கண்ணு இல்லாமச் சொல்லிக் குடுங்க" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனபோது ஹாலில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கணேசமூர்த்தி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோருக்கும் ஏட்டையா. பென்சிலை லத்தி மாதிரிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் வேல்விழி. ஜன்னல் ஓரமாக மெஹர் பானு. அவள் வீட்டுக்காரர் ரியாத்தில் இருக்கிறார், அவள் மாமியாரோடும் பிள்ளையோடும் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். மற்றவர்கள் பெயரைச் சொன்னார்கள். என் காதில் அன்று ஒரு பெயரும் ஏறவில்லை.

சார்ட் பேப்பரைப் பலகையில் குத்தி, கரிக்குச்சியை எடுத்து, ஒரு முட்டை வடிவம் போட்டேன். நெற்றி ஒரு பங்கு, மூக்கு ஒரு பங்கு, மூக்கு நுனியிலிருந்து முகவாய் ஒரு பங்கு என்று சொல்லிக்கொண்டே போனேன். சொன்னதெல்லாம் சார்ட்டைப் பார்த்து.

"தம்பி," என்றார் ஏட்டையா. "சார்ட்டுக்கு நல்லாக் கேட்டுட்டு. எங்களுக்குத்தான் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது கொஞ்சம் உதவியாக இருந்தது. பிறகு சார்ட்டைப் பார்த்து அவர்கள் வரைய ஆரம்பித்ததும் நான் ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். அப்படி நிற்கும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் தாளைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கவில்லை. யாருக்கு மூக்கு கோணியிருக்கிறதோ நிமிர்த்தினேன். உதடு தடித்திருந்தால் குறைத்தேன். புருவத்தை வளைத்துக் கொடுத்தேன். எட்டுத் தாளிலும் என் கை நன்றாகவே பட்டுவிட்டது. மெஹர் பானு தன் முகத்துக்கு ஒரு முக்காடு போட்டு அதன் மடிப்புகளை வரைந்துகொண்டிருந்தாள். துணி மடிப்பு அவளுக்குத் தானாகவே வந்தது.

இனிக் கண்தான் பாக்கி. நான் பலகைக்குத் திரும்பினேன். எல்லோரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார்கள்.

கரிக்குச்சி விரலில் வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினேன். புருவத்துக்குக் கீழே கொண்டுபோனால் கை அங்கேயே நின்றது. தகரக் கூரையில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"கண் அடுத்த வாரம்" என்றேன். "இதை வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்தால்தான் பழகும்."

அதுதான் நான் செய்த கோளாறு. அன்று அது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மாரிச்செல்வியிடம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லி, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளே வேல்விழி போன் செய்தாள். படத்தை வீட்டு ஹாலில் சாய்த்து வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மா பார்த்துவிட்டு, இது என்னடி கண்ணு இல்லாத மூஞ்சி என்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாளாம். சாயங்காலம் அதுவும் சரிப்படவில்லை, சுவருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று எடுக்கச் சொல்லிவிட்டாளாம். இப்போது படம் காரின் டிக்கியில் இருக்கிறது. பேங்குக்குப் போகும்போது பின்னால் யாரோ உட்கார்ந்து வருகிற மாதிரியே இருக்கிறது, அண்ணாச்சி, என்றாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. பெயர் காதில் ஏறாதவர்களில் இரண்டு பேரும் இப்படியே பேசினார்கள். ஒரு வீட்டில் படத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

மெஹர் பானு மட்டும் வேறு மாதிரிச் செய்தி அனுப்பியிருந்தாள். அவர்கள் வீட்டில் கண் வைத்த உருவப் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. ஆகவே மாமிக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்கள், ரியாத்துக்கும் போட்டோ போயிருக்கிறது, அண்ணாச்சிக்கு மாமி சலாம் சொல்லுதாக என்றிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெறும் முகத்துக்கு எதற்கு இத்தனை பயம்? நான் சுருட்டிக் கொண்டுவந்திருந்த சார்ட்டை மாரிச்செல்வி எடுத்து விரித்தாள். விரித்தவள் தையல் மெஷின் மேல் வைக்கப் போனாள், பிறகு வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனுச மூஞ்சி சொல்லித் தாரேன்னுதான போனிய?" என்றாள். "இது பேச்சியம்மன்லா."

பார்த்தேன். பேச்சியம்மன்தான். பொட்டு இல்லை, மூக்குத்தி இல்லை. ஆனால் அந்த அகன்ற நெற்றி, வில் மாதிரிப் புருவம், மேல் உதட்டில் லேசான முறைப்பு எல்லாம் அப்படியே இருந்தன. நான் அம்மனை வரையவில்லை. வருசக்கணக்காக வேறு பெண் முகம் எழுதாத கை அதைத்தான் எழுதியிருக்கிறது. ஏட்டையா வீட்டிலும், காரின் டிக்கியிலும், எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலும் கண் திறக்காத அம்மன். மெஹர் பானு முக்காடு போட்டுவிட்டதால் அவளுடையது மட்டும் தப்பித்திருந்தது. துணியால் மூடாமல், கண் திறக்காமல், ஒரு முகத்தைக்கூட நான் விட்டுவிட்டு இறங்கியதில்லை. இப்போது ஒரு தெரு முழுக்க விட்டிருக்கிறேன்.

அன்றே ஒரு முடிவு செய்துகொண்டேன். வேல்விழியிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுவது. எல்லோரிடமும் படத்தைத் திருப்பி வாங்கி, குற்றாலத்தில் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவது. சிதைந்த மண் பொம்மைகளை நாங்கள் அப்படித்தான் செய்வோம். அதோடு வகுப்பும் தீர்ந்தது, பயமும் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, குளித்துவிட்டும் வரலாம் என்று பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனேன். நல்ல கூட்டம். ஆண்கள் பக்கம் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற இளவயசு போலீஸ்காரர், ரொம்ப நேரம் நிற்கிறவர்களைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஆள் மட்டும் அசையாமல் நின்றார். விசில் மூன்று தரம் ஊதிய பிறகு தலையை வெளியே நீட்டி, "ஊதுலே, ஊது. இதே பாறையில நின்னு நான் எத்தன வருசம் ஊதியிருக்கேன்" என்றார். ஏட்டையாதான்.

குளித்து முடித்து, ரம்புட்டான் பழம் விற்கிற கடைகளுக்குப் பக்கத்தில் டீயும் வடையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவர் மனைவி பேராச்சி படத்தைத் தினத்தந்தியில் சுற்றி அலமாரி மேல் வைத்திருக்கிறாள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சேலையைச் சரிபண்ணிக்கொள்ளுகிறாள். அந்த வாத்தியாரு எப்ப வந்து முடிப்பாராம் என்று ஒருநாள் தவறாமல் கேட்கிறாள்.

நான் என் முடிவைச் சொன்னேன். தாள்களை எல்லாம் வாங்கித் தண்ணீரில் விடப்போவதையும் சொன்னேன்.

ஏட்டையா வடையைக் கீழே வைத்தார். "அது நான் வரஞ்ச மூஞ்சி, தம்பி. மூக்கு ஒண்ணுதான் நீங்க போட்டது. சர்வீசுல இருந்தவரைக்கும் மகஜர், ரிப்போர்ட்டுன்னுதான் எழுதியிருக்கேன். படம்னு ஒண்ணு இதான் மொதல்ல. அதப் போய்த் தண்ணியில விடுவியளா?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு கேக்கேன், நேராச் சொல்லுங்க. உங்களுக்குக் கண்ணு போட வரலியா, இல்ல எங்க முன்னால போட வரலியா?"

"உங்கள் முன்னால்" என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது. திரை பிடிக்கிற வழக்கத்தையும் சொன்னேன். ஊர்க் கோயில் கொடையில் அவர் அதைப் பார்த்திருக்கிறார், ஆனால் திரைக்கு வெளியே நின்றுதான்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடைக்குக் கை காட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது பாவூர்சத்திரத்தில் தக்காளி என்ன விலை விற்கிறது என்பதைத்தான் பேசிக்கொண்டு வந்தார். நானும் தண்ணீரில் விடுகிற பேச்சை எடுக்கவில்லை. அவர் அதைத் தன் படம் என்று சொன்ன பிறகு எப்படி எடுப்பது? எழுதின முகத்துக்குக் கண் திறக்காமல் தப்ப முடியாது என்பது எனக்கு அந்த பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மாடி ஏறியபோது ஏட்டையா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். ஜன்னல் கம்பிக்கும் எதிர்ச் சுவர் ஆணிக்குமாகக் கொடிக்கயிறு கட்டி, அதில் ஒரு புது வேட்டியைத் தொங்கவிட்டிருந்தார். பலகை திரைக்கு அந்தப் பக்கம், நாற்காலிகள் இந்தப் பக்கம். பேராச்சியும் வந்திருந்தார், மடியில் தினத்தந்திப் பொட்டலத்தோடு. "நான் படிக்க வரல தம்பி. இத முடிச்சுத் தந்தியன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்" என்றார்.

"போங்க, உள்ள போங்க" என்றார் ஏட்டையா. "ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டோம். நான் காவலு."

திரைக்குப் பின்னால் போய், கொண்டுவந்த சார்ட்டைப் பலகையில் குத்தினேன். போன வார முகம். கரிக்குச்சியை எடுத்தேன். கை ஆடாமல் நின்றது, தூண் மாதிரி. மேல் இமை ஒரு இழுப்பு, கீழ் இமை ஒரு இழுப்பு, நடுவில் முழி. அந்தப் பக்கமும் அப்படியே. மூச்சு விட்டபோது முடிந்திருந்தது. "ஆச்சு" என்றேன். ஏட்டையா கயிற்றை அவிழ்த்தார், வேட்டி விழுந்தது.

பேராச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏட்டையா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெஹர் பானு தலையைக் குனிந்து தன் தாளைப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

பிறகு வேல்விழி பென்சிலை எடுத்தாள். தாளுக்குக் கொண்டுபோனாள். கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, இதுல மொதல்ல எந்தக் கோடு?"

மேல் இமை என்றேன். அதை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டாள். மூக்குப் பக்கமிருந்து என்றேன். எவ்வளவு தூரம்? முழி இமையைத் தொடுமா, தொடாதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கைக்குத்தான் தெரியும். அது போகிற வழியை நானே நின்று பார்த்தது கிடையாது. ஏட்டையா உதவிக்கு வந்து, வேண்டுமானால் திரையை மறுபடியும் கட்டுகிறேன், தம்பி இன்னொன்று போடட்டும் என்றார்.

"ஏட்டையா, கட்டாதீய" என்றாள் வேல்விழி. "போட்ட கண்ண நான் கோயிலுக்குப் போயிப் பாத்துக்கிடுவேன். திரைக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு பாக்கத்தான ஞாயித்துக்கெழம குளிக்காமக்கூட இங்கன வந்து உக்காந்திருக்கேன்."

குளிக்காததைச் சொன்னதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. தனக்கு வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

வேட்டி தரையில் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரை எதற்கு? வேலை செய்கிறவன் உள்ளே, மற்ற சனம் வெளியே. கையில் பிரஷ் இருக்கிறவனுக்குத் திரை எப்போதும் முன்னால் இருந்ததில்லை, முதுகுக்குப் பின்னால்தான். இந்த எட்டுப் பேர் கையிலும் பென்சில் இருக்கிறது. இவர்களை நான் எந்தக் கணக்கில் வெளியே நிறுத்தினேன்?

"ஏட்டையா," என்றேன், "கயிற்றைப் பின்னால் கட்டுங்கள். மாடிப்படி வாசலுக்குக் குறுக்கே."

அவர் விளங்காமல் பார்த்தார். ஆனாலும் கட்டினார். இப்போது நாற்காலிகள், பலகை, நான் எல்லாம் ஒரே பக்கம். வாசல் மட்டும் அந்தப் பக்கம். எல்லோரும் திரும்பி வேட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப நான் உள்ளயா, வெளியவா?" என்று கேட்டார் பேராச்சி.

பென்சில் பிடிக்கிறவர்கள் உள்ளே என்றேன். அவர் புருசனைப் பார்த்தார், படியைப் பார்த்தார், வெளியே சாரலையும் பார்த்தார். "ஒரு பென்சிலக் குடுங்க" என்று சொல்லிக் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புது சார்ட் குத்தினேன். முகத்தின் கோடுகளைச் சீக்கிரம் போட்டேன். இந்தத் தடவை பார்த்துப் போட்டேன், நெற்றியைக் குறைத்து, புருவத்தை இறக்கி. பிறகு கரிக்குச்சியைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். எல்லோர் கண்ணும் என் கைமேல் இருந்தது. திரை பின்னால் இருக்கிறது என்பதற்காகப் பயம் போய்விடவில்லை. அந்தப் பயத்தோடேயே மேல் இமையை இழுத்தேன். கீழ் இமையை இழுத்தேன். இரண்டு முழியும் வைத்துவிட்டு விலகி நின்றேன்.

எல்லோரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணு செங்கோட்டையப் பாக்குது" என்றார் பேராச்சி. "இன்னொண்ணு திருநவேலியப் பாக்குது."

ஹாலே சிரித்தது. ஏட்டையா அவரை அதட்டப் பார்த்து, தானும் சிரித்துவிட்டார். நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். வாழ்க்கையில் நான் தப்பாக எழுதிய முதல் கண் அது. சிலையில் இப்படி வந்திருந்தால் அந்த ஊரில் பிறகு நான் தலைகாட்ட முடியாது. இங்கே அது கரி, பேப்பர். துணியை எடுத்துத் துடைத்தேன். கண் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு கறை மட்டும் நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை. வேல்விழி மட்டும் கழுத்தை நீட்டி, நான் துடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே தப்பு வந்தது என்று பார்ப்போம்" என்றேன். அது நான் சார்ட்டைப் பார்த்துச் சொன்னதல்ல. "வலது கண்ணை மூக்குக்கு ரொம்பப் பக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்க இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை நான் விடவில்லை."

மறுபடியும் போட்டேன். இடது கண் கீழே இறங்கியது. அதையும் சொல்லித் துடைத்தேன். மூன்றாவது போட்டபோது, எங்கே ஆரம்பிக்கிறேன், எங்கே நிறுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். வேல்விழி கேட்ட கேள்விக்கும் பதில் அப்போதுதான் கிடைத்தது. சாமிக்கு முழி முழுசாகத் தெரியும், இமையைத் தொடாது. மனுசனுக்கு மேல் இமை கொஞ்சம் இறங்கி, முழியின் உச்சியை மறைத்துக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த முகங்களுக்கு அப்படித்தான் கண் வைக்க வேண்டும் என்றேன். எல்லோரும் குனிந்தார்கள். ரப்பர் தேய்க்கிற சத்தம் கூரையில் விழுகிற சாரலுக்கு மேல் கேட்டது.

ஏட்டையா நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். முடித்துவிட்டுப் பேராச்சியிடம் காட்டினார். அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"இது நம்ம கொழுந்தன்லா" என்றார். "முக்காவாசி அவன்தான். சரி, இனி அடுக்களையிலகூட மாட்டலாம், பயமில்ல."

தினத்தந்தியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. அவர் தாளில் ஒரு பக்கத்துக் கண் பாதி முடிந்திருந்தது.

நான் நாற்காலிகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது மெஹர் பானு கையைத் தூக்கினாள். முக்காட்டின் மடிப்புகளுக்கெல்லாம் நிழல் கொடுத்து முடித்திருந்தாள். முகம் மட்டும் போன வாரம் மாதிரியே வெறுமையாக இருந்தது.

"அண்ணாச்சி, எனக்குத் தொறந்த கண்ணு வேண்டாம்" என்றாள். "தூங்குத மாதிரி இருந்தாப் பரவாயில்லன்னு மாமி சொல்லிட்டாக. மூடுன கண்ணு சொல்லித் தாங்க."

மூடிய கண் நான் எழுதியதே இல்லை. நான் வர்ணம் தீட்டிய எந்தச் சாமியும் கண்ணை மூடியதில்லை. திரைக்கு உள்ளேயும் எழுதியதில்லை, வெளியேயும் எழுதியதில்லை. அடுத்த வாரம் என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"எனக்கும் தெரியாது" என்றேன். "பார்த்து வரைவோம்."

ஏட்டையாவைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மற்றவர்கள் தங்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு அவரைச் சுற்றி வந்தார்கள். அவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார். இமையெல்லாம் சுருங்கிப்போய் இருந்தது. கொஞ்சம் தளர்த்துங்கள் என்றேன். தளர்த்தினார். குற்றாலத்துத் தண்ணீர்ப் பேச்சு ஒன்றை ஆரம்பித்தார், பாதியில் விட்டார். அப்புறம் மூச்சு மாறியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"தூங்கிட்டாக" என்றார் பேராச்சி. "இனி சோறுன்னு சொன்னாத்தான் முழிப்பாக. தைரியமாப் போடுங்க."

ஒரு மூடிய கண்ணை அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டே பலகையில் போட்டேன். இமைக்கு உள்ளே முழி உருண்டையாகத் தெரிகிறது. மேலே ஒரு மடிப்பு. ஓரத்தில் சுருக்கம். இரண்டு இமையும் சேருகிற கோட்டைக் கண்ணுக்கு நட்டநடுவில் இழுத்தேன். பார்த்தால் ஏதோ சரியில்லை. தூங்குகிற மாதிரி இல்லை, கண்ணைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஏன் என்று பிடிபடவில்லை.

மெஹர் பானு எழுந்து ஏட்டையாவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கீழ் இமை மேல வரல" என்றாள். "மேல் இமைதான் எறங்கிப் போயி அங்கன சேருது. கோடு நடுவுல இல்ல, கீழ இருக்கு."

நானும் ஏட்டையாவைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. துணியை எடுத்து என் கோட்டைத் துடைத்தேன். எனக்குப் பின்னால் எல்லோரும் அவரவர் தாளில் ரப்பரை எடுத்தார்கள். கோட்டைக் கீழே, கன்னத்துக்குப் பக்கமாக இறக்கிப் போட ஆரம்பித்தேன்.